எண்ணெய் வடிக்கும் வால்வு குறித்து, பதினோரு ஆண்டு தாமதமாக

என் மேசை மேல் மூன்று வாரமாக ஒரு பித்தளை வால்வு இருக்கிறது. கட்டைவிரல் பருமன்; பக்கவாட்டில் ஒரு சின்னக் கைப்பிடி. நீல வெல்வெட் விரித்த பெட்டியில் நிச்சயதார்த்த மோதிரம் போலப் படுக்கவைத்து அனுப்பியிருக்கிறார்கள். கூடவே வழவழப்பான தாளில் நாலு பக்க விளக்கம். பஸ், லாரி எஞ்சினின் அடியில் பழைய ஆயிலை வடிக்க ஒரு போல்ட் இருக்குமே, டிரெயின் பிளக், அதைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் இதை ஒரே ஒரு முறை முறுக்கிப் பூட்டிவிட வேண்டுமாம். அதற்குப் பிறகு ஆயில் மாற்ற ஸ்பானர் தேவையில்லை. கைப்பிடியைத் தூக்கித் திருப்பினால் எண்ணெய் இறங்கும். மறுபடி திருப்பினால் நின்றுவிடும். கையில் ஒரு சொட்டுப் படாது. வெளிநாட்டில் கண்டுபிடித்தது. மேலிடத்தில் படித்துப் பார்த்து, ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருக்கிறார்கள்: "அருமையான யோசனை. உடனே பரிசீலிக்கவும்."

நம் தொழிற்சாலையில் "உடனே" என்ற சொல்லுக்கு நான் பார்த்த மிகக் குறைந்த கால அளவு ஐந்து மாதம். இந்த முறை நிஜமாகவே உடனே நடந்தது. திங்கட்கிழமை வந்த கோப்பு, வியாழக்கிழமைக்குள் நாலு துறையைச் சுற்றி, நாலிலும் "ஆட்சேபணை இல்லை" வாங்கிக்கொண்டு, கடைசிக் குறிப்பு எழுத என்னிடம் வந்து உட்கார்ந்தது. பெட்டியைத் திறந்தேன். புதுப் பித்தளையின் வாசனை. மூடி வைத்துவிட்டு அன்று முழுவதும் வேறு கோப்புகளைப் பார்த்தேன்.

நீயும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். மருத்துவப் பரிசோதனை வரிசையில் சட்டையைக் கழற்றிக் கையில் மடித்து வைத்துக்கொண்டு முப்பது பேர் நின்றோம். என் சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தது. கம்பவுண்டர் என் மார்பை இரண்டாவது தடவை அளந்து முகத்தைச் சுளித்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "மூச்ச நல்லா இழு ரைட்டரே, இல்லாங்காட்டி ஊட்டுக்கு அனுப்பிருவான்." இழுத்தேன். வேலை கிடைத்தது. பெயரும் நிலைத்தது. பிறர் முன்னால் என்னை "சார்" என்பாய்; யாரும் இல்லாவிட்டால் "ரைட்டரே".

உன் தாத்தா அரக்கோணத்திலிருந்து லாலாகூடா ரயில்வே பட்டறைக்கு வந்தவர். மூன்று தலைமுறை செகந்திராபாத்தில் ஊறிய உன் தமிழில் "இன்னா"வும், வேண்டாம் என்கிற "நக்கோ"வும், ஏன் என்கிற "கைக்கு"வும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. நான் மாயவரத்திலிருந்து வந்தவன். நீ பேசுவது எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. நான் எழுதுவது உனக்குப் புரிந்த அன்றுதான் எல்லாம் கெட்டது, அதற்கு வருகிறேன்.

நீ பஸ் ஷெட்டுக்குப் போனாய், மெக்கானிக்காக. நான் தொழில்நுட்ப அலுவலகத்துக்குப் போனேன், ஆங்கிலம் நன்றாக எழுதுவேன் என்ற ஒரே காரணத்துக்காக. இருவருக்கும் குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை. மல்காஜ்கிரியிலிருந்து தினமும் ஒரே ஊழியர் பஸ்ஸில், ஒரே இருக்கையில், முக்கால் மணி நேரம். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வருவாய். நான் ஏதாவது புத்தகத்தைப் பற்றிப் பேசினால் பாதியில் கையைத் தூக்கி நிறுத்தி, "இரு, மூணாவது சிலிண்டர் இன்னாவோ சொல்லுது" என்பாய்.

ஆயில் மாற்றுவது என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவன் நீ. ஷெட்டில் தரைக்குக் கீழே ஒரு நீளக் குழி. அதன் மேல் பஸ்ஸை நிறுத்துவார்கள். ஆயில் சூடாக இருக்கும்போதே இறக்க வேண்டும், அப்போதுதான் கசடோடு வரும். ஆகவே ஓடி வந்த பஸ்ஸின் அடியில், தலைக்கு மேல் கொதிக்கும் எண்ணெயை வைத்துக்கொண்டு நின்று, அந்த பிளக்கை ஸ்பானரால் தளர்த்தி, கடைசி இரண்டு திருகு மரையை விரலால் சுற்றி எடுக்க வேண்டும். எடுக்கும் அந்தக் கணத்தில் கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளத் தெரிந்தவன் மெக்கானிக். தெரியாதவனும் மெக்கானிக்தான், மணிக்கட்டில் தழும்போடு. பத்து வருஷம் இப்படிக் கழற்றி மாட்டியதில் பழைய பஸ்களில் மரை தேய்ந்து போயிருந்தது. பிளக்கில் சணல் நூலைச் சுற்றி, அடித்து இறுக்கி, கடவுள் மேல் பாரத்தைப் போட்டு அனுப்புவீர்கள்.

யோசனை உனக்கு வந்த இடம் கேன்டீன். பதினைந்து ஆள் வரிசை நிற்கும் அந்தப் பெரிய டீ டிரம்மின் முன்னால்.

"ஏன் ரைட்டரே, இந்த டிரம்மு அடியில ஒரு போல்ட்ட வெச்சி, டீ வேணுங்கறவன் ஸ்பானர் எடுத்துனு வந்து கழட்டிக்கோன்னா இன்னா பண்ணுவ?"

"கேன்டீன் கமிட்டியைக் கூட்டுவேன்."

"கூட்டுவ. உனுக்குத் தெரிஞ்சது அதான். டீக்குக் கொழாய் கீதுல்ல? பஸ்ஸுக்கு கைக்கு இல்ல?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த இரண்டு மாதம் மதிய இடைவேளைகளில் நீ சாப்பிட்ட நேரம் கால் மணி, மீதியெல்லாம் லேத்தில். ஒதுக்கித் தள்ளிய பித்தளைத் துண்டு ஒன்றைக் கடைந்து, நடுவே துளையிட்டு, கைப்பிடி வைத்தாய். "ரோட்டுல கல்லு பட்டுத் தொறந்துக்கினா?" என்று நீயே கேட்டுக்கொண்டு, மேலே தூக்காமல் திருப்ப முடியாதபடி ஒரு ஸ்பிரிங் வைத்தாய். "அந்த ஸ்பிரிங்கும் ஒடஞ்சா?" என்று மறுபடி கேட்டு, கம்பியால் ஒரு கட்டுப் போட ஓட்டை வைத்தாய். ஷெட்டில் உன் ஜோடி யாதகிரி. அவனுக்குத் தமிழ் தெரியாது. உனக்குத் தெரிந்த தெலுங்கில் பாதி வசவு. ஆனாலும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தீர்கள். அவன் வால்வைக் கையில் வாங்கி, வாயில் வைத்து ஊதிப் பார்த்து, "ஹவ், பக்கா" என்றான், ஆமாம், கச்சிதம் என்று. நம் தொழிற்சாலையில் அதற்குக் கிடைத்த முதல் தரச் சான்றிதழ் அதுதான். கடைசியும்கூட.

யோசனைப் பெட்டி என்று ஒன்று இருந்தது. தொழிலாளிகளின் மூளையை நாட்டு வளர்ச்சிக்குப் பயன்படுத்தும் பொருட்டு வாசலருகே மாட்டியிருந்தார்கள். யோசனைகள் திருட்டுப் போகாதிருக்க அதற்குப் பூட்டு உண்டு. அதில் விழுவதைப் பரிசீலிக்கும் கமிட்டிக்கு நான் செயலாளர். உன் படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன், "யோசனையால் விளையும் நன்மை" என்ற கட்டத்தில் நீ சொன்னது "கை வேகாது." நான் அதை அரைப் பக்கமாக்கினேன்.

கோப்பு சுற்றியது. வடிவமைப்புத் துறை, பஸ் தயாரித்தவர்களின் வரைபடத்தில் இப்படி ஒன்று இல்லை என்று கண்டுபிடித்தது. பஸ் தயாரித்தவர்களுக்கு எழுதினோம். பிளக் தங்களுக்குத் திருப்தியாக இருப்பதாகப் பதில் வந்தது. பாதுகாப்புத் துறை, சூடான எண்ணெயினால் ஆபத்து இருப்பின் எண்ணெய் ஆறும்வரை காத்திருக்கலாமே என்று கேட்டது. போக்குவரத்துத் துறை, ஆறும்வரை காத்திருந்தால் இரண்டாம் ஷிஃப்டுக்கு ஆட்கள் நடந்து வர வேண்டியிருக்கும் என்று பதில் எழுதியது. இதையெல்லாம் மாலை பஸ்ஸில் உனக்கு நடித்துக் காட்டுவேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். உன் வால்வுக்குத்தான் இது நடக்கிறது என்பதை இருவருமே மறந்துபோகும் அளவுக்கு நான் நன்றாகச் சொன்னேன்.

கடைசியில் எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், கமிட்டி கூடி ஒப்புக்கொண்டது. நான்காம் நம்பர் பஸ்ஸில் ஆறு மாதம் மாட்டிப் பார்க்கலாம். தலைவர் வாய்மொழியாகச் சொல்லி, "தீர்மானத்தை எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். அன்று மாலையே நீ மாட்டிவிட்டாய்.

இனி நான் சொல்வதை நீ அறியமாட்டாய். அல்லது அறிந்திருந்தாய், அது எனக்குத் தெரியாது.

அந்தத் தீர்மானத்தை எழுத ஒரு மணி நேரம் போதும். நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். சோம்பலில்லை. நன்றாக எழுத வேண்டும் என்ற ஆசை. கமிட்டியின் எட்டு மாதத் தயக்கத்தை ஒரு மரியாதைக் குறைவான சொல்லும் இல்லாமல், ஆனால் படிப்பவன் உதட்டோரம் சிரிக்கும்படி, ஒரே பத்தியில் கொண்டுவர நினைத்தேன். முதல் வாக்கியம் அமையவில்லை. அமைந்தபோது இரண்டாவது அதற்கு ஈடாக இல்லை. இதற்குள் தலைவர் டில்லிக்குச் சுற்றுப்பயணம் போய்விட்டார். வால்வு பஸ்ஸில் இருந்தது; அனுமதி என் இழுப்பறையில், மூன்றாவது வரைவாக.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்குழு வருகிறது என்று தந்தி வந்தது. ஆய்வுக்குழு வந்தால் என்ன செய்வோம் என்பது உனக்குத் தெரியும். மரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்போம். உடைந்த நாற்காலிகளை மொட்டை மாடிக்கு ஏற்றுவோம். வரைபடத்தில் இல்லாதது எதுவும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வோம். குழு போனபிறகு நாற்காலிகள் இறங்கி வரும். இதில் யாருக்கும் வெட்கம் இருந்ததில்லை. குழுவிலிருந்தவர்களும் தங்கள் அலுவலகத்தில் அதையே செய்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

நான் ஷெட்டுக்கு வந்தேன். நீ குழிக்குள் இருந்தாய். தலை மட்டும் தெரிந்தது.

"வால்வைக் கழற்றிட்டுப் பழைய பிளக்கைப் போடுப்பா. ரெண்டு நாள்தான்."

"கைக்கு?"

"பேப்பர் இன்னும் வரலை. குழு பார்த்தா கேள்வி வரும்."

"கமிட்டிதான் சரின்னுச்சே?"

"சொன்னது செல்லாது. எழுதினதுதான் செல்லும்."

"அப்ப எழுதறதுதானே? அதுக்குத்தானே உன்ன வெச்சிகீறாங்க?"

"தலைவர் ஊர்ல இல்லை."

நீ துணியில் கையைத் துடைத்துக்கொண்டே மேலே ஏறி வந்தாய். "நக்கோ ரைட்டரே. அந்த பிளக்கு மரை முழுக்கப் பூடுச்சி. மாட்டிடலாம். கழட்டசொல்லோ இன்னா ஆவும்னு சொல்ல முடியாது. நூல சுத்தி அடிச்சி ஏத்தணும், அது சுத்திக்கினே இருக்கும், வராது. வந்தா ஒரே அடியா வரும்."

உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் அதைக் காதால் கேட்டேன். கேட்டுவிட்டு, "ரெண்டு நாள்தானேப்பா, எனக்காக" என்றேன்.

"உனக்காக" என்றாய். மாட்டினாய்.

ஆய்வுக்குழு ஷெட்டின் தூய்மையைப் பாராட்டிவிட்டுப் போனது. மறுநாள் மதியம், முதல் ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிட்டு வந்த நான்காம் நம்பர் பஸ்ஸைக் குழிமேல் நிறுத்தி, வால்வைத் திரும்ப மாட்டக் கீழே இறங்கினாய். இரண்டு மணிக்கு அது மறுபடி கிளம்ப வேண்டும். பிளக் நீ சொன்னபடியே சுற்றிக்கொண்டே இருந்தது. நீ சொன்னபடியே ஒரே அடியாக வந்தது. யாதகிரிதான் உன்னைக் குழியிலிருந்து தூக்கினான். வலது கை, விரலிலிருந்து முழங்கை வரை.

அறிக்கையை எழுத என்னைத்தான் கூப்பிட்டார்கள், நன்றாக எழுதுபவன். போக்குவரத்து அதிகாரி கதவைச் சாத்திவிட்டு, வால்வு என்ற சொல் வரவே கூடாது என்றார். வந்தால், அனுமதியில்லாமல் கம்பெனி வண்டியில் மாற்றம் செய்ததாக உன் மேல்தான் குற்றப்பத்திரிகை போகும். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கொண்டுவந்து கொடுப்பார்கள் என்றார். அது உண்மைதான். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன். வால்வு என்று எழுதினால், அதன் அனுமதி எங்கே என்று கேட்பார்கள், அது யாருடைய இழுப்பறையில் இருக்கிறது என்று தெரியவரும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டில் எது என் கையை நடத்தியது என்று பதினோரு ஆண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். பிரியவில்லை.

வால்வு இல்லாமல், என் பெயர் இல்லாமல், தேய்ந்த மரை இல்லாமல் ஒரு விபத்தை விளக்க வேண்டுமென்றால் ஒரே ஒரு காரணம்தான் மிஞ்சுகிறது. "தொழிலாளி போதிய கவனம் செலுத்தத் தவறியதன் விளைவாக, எளிதில் தவிர்த்திருக்கக்கூடிய இவ்விபத்து நிகழ்ந்தது." ஆங்கிலத்தில் இன்னும் அழகாக இருக்கும். முதல் வரைவிலேயே அமைந்த வாக்கியம். அடித்தல் திருத்தல் இல்லை.

ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்க வந்தேன். வலது கைக்குக் கட்டுப் போட்டிருந்தது. இடது கையில் தாளைப் பிடித்து, உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாய்.

"கேர்லெஸ்னு போட்டுகீற."

"ஃபார்மாலிட்டிப்பா. இல்லைன்னா உன் மேல கேஸ் வரும்."

"அப்ப சரி, குடு" என்று இடது கையால் கோணலாகப் போட்டாய். உன் மனைவி மரகதம் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

அடுத்த வாரம் தலைவர் திரும்பி வந்தார். நான் தீர்மானத்தை வைத்தேன். படித்துவிட்டு, பிரமாதம் என்று கையெழுத்துப் போட்டார். பஸ்ஸில் மாட்டிப் பார்க்க ஆள் இல்லாததால் கோப்பை மூடினோம். அந்த வருஷம் எனக்கு உயர்வு வந்தது. நீ பதவி உயர்ந்து சார்ஜ்மேன் ஆவதற்கான நேர்முகத்தில் உன் பணிப்பதிவேட்டை எடுத்து அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டினார்கள். விரல்கள் முழுதாக மடங்காததால் உன்னை ஷெட்டிலிருந்து மாற்றி, ஸ்பானர்களைப் பிறருக்கு எடுத்துக் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்தார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதைத் தாங்கியிருப்பேன். தாங்குவதில் எனக்குப் பயிற்சி உண்டு. ஆனால் பாதுகாப்பு வாரம் என்று ஒன்று இருந்ததே. ஒவ்வொரு மார்ச்சிலும் எல்லோரையும் ஷெட் முன்னால் நிறுத்தி, உறுதிமொழி வாங்கி, லட்டு கொடுத்து, பாடமாக ஒரு விபத்து அறிக்கையைப் படிப்பார்கள். தேடியதில் என்னுடையதுதான் சிறந்தது என்று முடிவாயிற்று. ஒரே பத்தி, நடந்ததும் வந்துவிடுகிறது, பாடமும் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரு முறை, தெலுங்கில் ஒரு முறை. நீ கடைசி வரிசையில் நிற்பாய். பெயர் சொல்ல மாட்டார்கள். சொல்லத் தேவையுமில்லை, எல்லோரும் திரும்பி உன் கையைப் பார்ப்பார்கள்.

மூன்றாவது வருஷம், அதைப் படித்த அன்று மாலை, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "நல்லா எழுதிகீற ரைட்டரே. மூணாவது தபா கேக்கறேன், சலிக்கவே இல்ல."

கிண்டலா என்று உன் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் செய்வது என் தொழில். நேராக முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது எப்படி என்று ஊருக்கே காட்டியவன் நான். அன்று உன் முகத்திலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்த வருஷம் மரகதம் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார். "ஏண்ணா, நீங்க எழுதனதுதானே, நீங்களே மாத்தி எழுதக் கூடாதா? அவுரு கேக்க மாட்டாரு. வருஷா வருஷம் மூஞ்சி தொங்கிப்போயி வராரு, லட்ட அப்பிடியே கொண்டாந்து அடுப்பு மேடையில வெக்கறாரு, ஒருத்தரும் தின்றதில்ல." பார்க்கிறேன் என்றேன். பார்க்கவும் செய்தேன். திருத்தக் குறிப்பு ஒன்றை எழுத ஆரம்பித்தேன். உன்னை விடுவிக்க வேண்டும், அதிகாரியைச் சங்கடப்படுத்தக் கூடாது, தீர்மானம் தாமதமானதைச் சொல்ல வேண்டும், யாரால் என்பது வாக்கியத்தின் செயப்பாட்டு வினைக்குள் மறைந்துவிட வேண்டும். ஏழு வரைவு எழுதினேன். ஐந்தாவது மிக நன்றாக வந்தது; அதை எடுத்து அவ்வப்போது படித்துப் பார்த்துக்கொள்வேன்.

நீ போய் இரண்டு வருஷமாகிறது. ஜன்னலில் உட்கார்ந்தபடியே நெஞ்சு வலி. சவ ஊர்வலத்தில் நான் பின்னால் வந்தேன். யாரோ ஒரு புது அதிகாரி, உன்னைப் பற்றி இரங்கல் குறிப்பு எழுதித் தர முடியுமா, நீங்கள் நன்றாக எழுதுவீர்களாமே என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அதையும் பாராட்டினார்கள்.

இந்த மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. வெல்வெட் பெட்டி வந்த வியாழக்கிழமைக்கு மறுநாள் காலை, கடைசிக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். ஏழு வரைவுகளில் ஒன்றையும் எடுக்கவில்லை. இதே வால்வைப் பதினோரு ஆண்டுக்கு முன் நம் ஷெட்டில் ஒருவர் செய்தார் என்று உன் பெயரைப் போட்டேன். நான்காம் நம்பர் பஸ்ஸில் அது சரியாக வேலை செய்தது. அனுமதித் தீர்மானத்தை எழுதாமல் வைத்திருந்தவன் நான், வால்வைக் கழற்றி மரை தேய்ந்த பிளக்கைப் போடச் சொன்னவனும் நான், அவர் எச்சரித்தார், நான் கேட்கவில்லை, கவனக்குறைவு என்று பிறகு எழுதியது பொய். கையெழுத்து. தேதி.

கோப்பு மேலே போய் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. வால்வு வாங்க அனுமதி. என் குறிப்பின் பக்கத்தில் பென்சிலால்: "கொள்முதலுக்குத் தொடர்பில்லாதது. பார்த்தாயிற்று."

ஒரு நகல் எடுத்துக்கொண்டு மல்காஜ்கிரிக்குப் போனேன். மரகதம் தண்ணீர் கொடுத்தார். ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். முடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பதான் எழுதனீங்களா?"

"ஆமாம்மா."

"அவுரு இருந்தப்போ பேனாவுல மை இல்லியா?"

தாளை என் பக்கமே தள்ளினார். "எங்கிட்ட படிச்சி இன்னா ஆவப்போவுது? எனக்குத் தெரியாததா? எந்த எடத்துல அவர நிக்க வெச்சிப் படிச்சாங்களோ, அங்க போயிப் படிங்க."

போன வாரம் பாதுகாப்பு வாரம் தொடங்கியது. அந்த அறிக்கையை இந்த முறை நானே படிக்கிறேன் என்றதும் மிகவும் சந்தோஷப்பட்டார்கள். எழுதியவரே படிக்கிறார், ஓய்வு பெறப்போகிறார், பொருத்தமாக இருக்கும் என்று பூமாலை ஒன்றும் ஏற்பாடு செய்தார்கள். ஷெட் முன்னால் நூறு பேர். பாதிப் பேர் உன்னைப் பார்த்தே இராத புதுப் பிள்ளைகள். ஆங்கிலத்தில் படித்தால் மறுபடி நன்றாக இருந்துவிடும் என்று பயந்து, என் ஹிந்தியில் சொன்னேன். இருபத்தைந்து வருஷம் இந்த ஊரில் இருந்தும் என் ஹிந்தி காய்கறி வாங்கும் அளவுக்குத்தான். அலங்காரத்துக்கு அதில் இடமில்லை. இன்னாருக்குக் கவனம் குறையவில்லை. அந்த பிளக் ஆபத்து என்று அவர் சொன்னார். நான் கட்டாயப்படுத்தினேன். பிறகு அவர்மேல் பொய் எழுதினேன். அவ்வளவுதான் வந்தது. நாலு வாக்கியம். பாதுகாப்பு அதிகாரி கையில் மாலையை வைத்துக்கொண்டு, போடுவதா வேண்டாமா என்று நின்றார்.

முதல் வரிசையில் யாதகிரி. தலை முழுக்க நரைத்துவிட்டது. உனக்குக் கிடைக்காத சார்ஜ்மேன் பதவி அவனுக்குக் கிடைத்திருந்தது. ஒருவரும் அசையாமல் நின்றபோது அவன்தான் பேசினான். கோபமே இல்லை, அடுத்த பக்கம் இருக்கிறதா என்று கேட்கிற குரல்.

"இத்னாஇச் தா க்யா, சாப்?"

இவ்வளவுதான் இருந்ததா?

நான் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றுமில்லை. "ஹவ்" என்றேன், "இத்னாஇச்."

மாலை பஸ்ஸில் திரும்பினேன். பக்கத்து இருக்கையில் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார். மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அந்த நாலு வாக்கியத்தையும் உதட்டுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். ஒரு நிறுத்தத்தில் கதவு சாத்தி, அடுத்த நிறுத்தத்தில் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. வழியில் பதினேழு நிறுத்தம். விபத்துக்குப் பிறகு ஒன்பது வருஷம், போக வர, நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய்.